பத்துப் பேருக்கான குப்பி

போல் துறையிலிருந்து மூன்று மணி நேரப் படகு.
இயந்திரம் இருமுறை நாணலில் சிக்கியது.
மடியில் நீலப் பெட்டி,
அதற்குள் நான்கு பனிக்கட்டிப் பைகள், நடுவில் குப்பிகள்.
அடைகாக்கும் கோழிதான் நான்,
காப்பது மட்டும் குளிரை.

"தீவில் எத்தனை குழந்தைகள்?" என்றான் படகோட்டி அபாகார்.
பதிவேட்டில் பதினொன்று.
ஆனால் சாட் ஏரியில்
பதிவேடு வேறு, தண்ணீர் வேறு.
புல் தீர்ந்தால் மாடுகள் நீந்திப் போகும்,
மாடுகளின் பின்னால் வீடுகளும்.

போய்ச் சேர்ந்தபோது
குடிசைகள் இருந்த இடத்தில்
வட்ட வட்டமாய்த் தடம், அடுப்புச் சாம்பல்.
ஒன்றே ஒன்று மிச்சம்.
யாகானா, அவள் கணவன் கச்சல்லா,
கால் ஒடிந்த பசு.
அதற்காகத்தான் தங்கினார்களாம்.
இடுப்பில் பத்து மாதப் பெண், மாராம்.

ஒரு குழந்தை.

தட்டம்மைக் குப்பி பத்துப் பேருக்கானது.
தூளில் நீரைக் கலந்துவிட்டால்
ஆறு மணி நேரம்.
அதற்குப் பிறகு அது மருந்தில்லை.
அலுவலகம் சொல்வது: ஒரு குழந்தை இருந்தாலும் திற.
மாதக் கடைசியில் அதே அலுவலகம்:
ஏன் இத்தனை வீண்?
இரண்டு கடிதத்திலும் ஒரே கையெழுத்து.

கச்சல்லா பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.
"நோயையே ஊசியில் ஏற்றுகிறீர்களாமே.
நன்றாகத்தானே இருக்கிறாள்?"
"ஆமாம். பல்லைப் பிடுங்கிய நோய்."
அவன் காலடியில் நாய் படுத்திருந்தது.
"மாடு திருட வந்தவன்
செருப்பை விட்டுவிட்டு ஓடினால் என்ன செய்வாய்?"
"நாய்க்கு மோப்பம் காட்டுவேன்."
"செருப்பு மாட்டைத் திருடுமா?"
அவன் சிரிக்கவில்லை.
"நாய்க்குப் பிடிபடாவிட்டால்?"
"சில நாய்களுக்கு முதல் தடவை பிடிபடாது.
அதனால்தான் இன்னொரு முறை வருவேன்."
"காய்ச்சல்?"
"வரலாம். ஒரு வாரம் கழித்து, ஒன்றிரண்டு நாள்.
நாய் குரைத்துப் பழகுகிறது என்று வைத்துக்கொள்."

யாகானா இதற்கிடையில் உள்ளே போய்
தோல்பையிலிருந்து அட்டை எடுத்து வந்தாள்.
இரண்டு அட்டைகள்.
மேலே இருந்தது மாராமுடையது.
அடியில் ஒரு பையனின் பெயர், பிறந்த மாதம்,
அப்புறம் வெறும் கட்டங்கள்.
பெயரை வாசித்தேன்.
அந்த அட்டையை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

குப்பி மூடியில் சின்ன வட்டம்,
வட்டத்துக்குள் சதுரம், இன்னும் வெளுப்பாக.
வெயில் தொட்டிருந்தால் கறுத்திருக்கும்.
மணி பத்து நாற்பது.
திறந்தேன். கலந்தேன்.
மாராம் என்னைப் பார்த்தாள்,
அழலாமா என்று அம்மாவைப் பார்த்தாள்,
பிறகு அக்கரைக்குக் கேட்கும்படி அழுதாள்.

மிச்சம் ஒன்பது.
"மாடுகள் எந்தப் பக்கம்?"
கச்சல்லா கையை நீட்டினான்,
நீட்டினால் விளங்காது என்று
தானே படகில் ஏறினான்.
நாயும்.

பன்னிரண்டரைக்கு மணல்திட்டில் இரட்டையர்.
இரண்டேகாலுக்கு மீன் காயவைக்கும் ஒருத்தியின் மகன்;
ஊசியைவிட என் கடிகாரத்துக்குத்தான் பயந்தான்.
மூன்றரைக்குக் கொம்புகள் மட்டும் தெரிந்தன,
நீரில் மிதக்கும் பானைகள் போல.
கொம்புகளுக்குப் பின்னால் மாடுகள்,
மாடுகளுக்குப் பின்னால் ஒரு படகு,
படகில் ஒருத்தி, அவள் முதுகில் குழந்தை.
கச்சல்லா எழுந்து நின்று கத்தினான்:
"இங்கே வா, செருப்பு கொண்டுவந்திருக்கிறாள்!"
அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.
ஆனாலும் வந்தாள்.

நான்கு நாற்பது.
குப்பியில் ஐந்து பேரின் பங்கு
காலையில் இருந்தது போலவே தெளிவாக இருந்தது.
கழிவுப் பெட்டியில் போட்டேன்.

கொடுத்தது ஐந்து. வீண் ஐந்து.
காரணம் என்ற கட்டத்தில் 'மாடுகள்' என்று எழுதினேன்,
அடித்துவிட்டு 'புல்' என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.

கச்சல்லாவை இறக்கிவிட்ட கரையில்
நாய் எங்கள் படகைப் பார்த்துக் குரைத்தது,
காலையில் குரைக்காத நாய்.
நாணல் மறைக்கும்வரை
நிறுத்தவேயில்லை.